வலப்பனை வகுப்பறைகளில் கணிதக் கலைச்சொற்கள்: ஓர் ஆய்வு

நுவரெலியா மாவட்டத்தின் கல்வி வலயங்களுள் ஒன்றாகிய வலப்பனையில், இராகலை, உடப்புசல்லாவை, ஹைபொரஸ்ட், ஹல்கிரனோயா முதலிய தோட்டப் பகுதிகளிலிருந்து வந்து தமிழ்மொழி மூலம் கற்கும் மாணாக்கர், பத்தாம் பதினோராந் தரங்களின் கணிதத்தை எதிர்கொள்ளும்போது, ஏககாலத்தில் இரண்டு காரியங்களைச் சாதிக்க வேண்டியவர்களாகிறார்கள். கணிதத்தைக் கற்பது ஒன்று. அக்கணிதம் பேசுகின்ற, தோட்டக் குடியிருப்பாகிய லயத்திலும் கடைவீதியிலும் காதில் விழாத, தனியொரு தமிழைக் கற்பது மற்றொன்று. கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரணதரப் பரீட்சையில் கணிதம் கட்டாய பாடமாதலாலும், அதிலே சித்தியடையாதவர்க்கு உயர்தர வகுப்பின் கதவு பெரும்பாலும் திறவாதாதலாலும், இந்த இரண்டாவது காரியத்தை அற்பமென்று தள்ளிவிடுதற்கில்லை. கலைச்சொல்லை மனனப் பொருளாக்கிக் கையளிக்கும் வழக்கத்தை விடுத்து, அதன் இனத்தோடும் அது குறிக்கும் செயலோடும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சொற்கள் வந்த வழி

தமிழர்க்குக் கணக்கு புதிதன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரமும், திண்ணைப் பள்ளிகளில் ஓதப்பட்ட எண்சுவடியும், முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி, எண்பதில் ஒரு பங்காகிய காணி, இருபதில் ஒரு பங்காகிய மா என நுண்ணிய பின்னங்கட்கெல்லாம் தனித்தனிப் பெயர் வழங்கின. ஆயினும் அந்த மரபு நெல்லையும் நிலத்தையும் பொன்னையும் அளக்கும் தேவையிலே கிளைத்ததாதலின், அறியாக் கணியமொன்றை எழுத்தால் குறித்து ஆராயும் ஐரோப்பிய முறைக் கணிதம் வந்தபோது, அதற்கென்று ஒரு புதிய சொல்வளம் அவசியமாயிற்று.

அவ்வளத்தைத் தேடும் முயற்சி இலங்கையில் முன்னதாகவே தொடங்கிவிட்டது. 1823 முதல் 1855 வரை நடைபெற்ற வட்டுக்கோட்டை செமினரியின் கல்விச் சூழலிலே உருவானவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய் வெளிவந்த இருவருள் ஒருவருமாகிய கறல் விசுவநாதபிள்ளை, 1855 ஆம் ஆண்டில் ‘வீசகணிதம்’ என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அவர் தலைப்பிலிட்ட அதே வடசொல்லையே வலப்பனையின் சிங்கள மாணவர் இன்றும் தம் பாடநூலிற் காண்கின்றனர். அடுத்த வகுப்பறையிலிருக்கும் தமிழ் மாணவர்க்கோ அது அட்சரகணிதம்; கடலுக்கப்பால் தமிழ்நாட்டு மாணவர்க்கு இயற்கணிதம்.

இருபதாம் நூற்றாண்டில் இம்முயற்சி நிறுவனங்களின் கைக்கு மாறிற்று. 1916 இல் சேலத்திலே இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். 1936 இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கூட்டிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர், காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர். அதன் பயனாய்ச் சங்கத்தின் ‘கலைச்சொற்கள்’ தொகுதி 1938 இல் வெளிப்போந்தது. இலங்கையில், 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து, 1950களில் இடைநிலை வகுப்புகளும் படிப்படியாகச் சுயபாஷைக்கு மாறவே, அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் சொற்றொகுதிகளை ஆக்கிற்று. இக்காலத்துக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் அத்தொகுதிகளின் வழித்தோன்றல்களே.

இவ்வரலாற்றில் மலையகத்துக்கிருந்த இடம் யாது என்று வினவினால், அவ்விடம் மிகச் சிறிது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகட்குக் கல்வி வழங்குமாறு தோட்டங்களைப் பணித்தது. பெரும்பாலும் ஓராசிரியரோடும் ஓரறையோடும் நடந்த அப்பள்ளிகள் 1977 இலிருந்தே அரசாங்கத்தின் பொறுப்பாயின. சொற்றொகுதிக் குழுக்கள் கூடி முக்கோணியையும் சமன்பாட்டையும் நிர்ணயித்துக்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்துப் பிள்ளை பெரும்பாலும் இடைநிலை வகுப்பையே எட்டாதிருந்தது. தன் முன்னோர் பேச்சு கலவாத ஒரு சொல்வளத்தை, ஆயத்தமான பின்னரே அது கையேற்றது.

சொற்களின் இனம்

அங்ஙனம் கையேற்கப்பட்ட சொல்வளம் தன்னளவிலே மிக ஒழுங்கானது. ‘இலி’ என்னும் ஈற்றை எடுத்துக்கொள்வோம். மாறுவது மாறி, மாறுதல் இல்லாதது மாறிலி, சமன் இல்லாதது சமனிலி, முடிவு இல்லாதது முடிவிலி. இவற்றை நான்கு வெவ்வேறு தினங்களில் நான்கு வெவ்வேறு சொற்களாக ஒப்புவிக்கும் மாணவிக்கு நான்கு சுமைகள். ஒரு முற்பகலில் ஒருங்கே காட்டப்பெற்றவளுக்கோ ஒரே சாவி. செம்மை என்னும் அடியும் அவ்வாறே செங்கோணம், செவ்வகம், செங்குத்து, செம்பக்கம் எனக் கிளைக்கின்றது. செங்கோண முக்கோணியொன்றில் செங்கோணத்தை எதிர்நோக்கிய பக்கமே செம்பக்கம் என்பதை அதன் பெயரே நினைவூட்டுமாதலின், பைதகரசின் தேற்றத்தைப் பிரயோகிக்கும்போது எப்பக்கத்தின் வர்க்கம் தனித்து நிற்கும் என்ற மயக்கம் எழ இடமில்லை.

முக்கோணி, ஐங்கோணி, பல்கோணி என்பவற்றின் ‘இ’கர ஈறும் கவனத்திற்குரியது. கோணம் என்னும் சொல்லை இரு கோடுகட்கிடையிலான திருப்பத்துக்கே ஒதுக்கிவிட்டு, மூன்று கோணங்களையுடைய உருவத்துக்கு முக்கோணி என வேறு பெயரிட்டதனால், உருவமும் அதன் உறுப்பும் ஒன்றோடொன்று கலவாமற் காக்கப்படுகின்றன.

புணர்ச்சியறியாமையால் இருண்டு கிடக்கும் சொற்களும் உள. புள்ளிவிவரவியலில் ஒரு பெறுமானம் எத்தனை முறை வருகின்றது என்பதைக் குறிக்கும் ‘மீடிறன்’, மீள் என்பதும் திறன் என்பதும் புணர்ந்தது. மீண்டும் மீண்டும் வருந்திறன் என்று பிரித்துக் காட்டிய கணமே அது விளக்கமுறுகின்றது. ‘வகுப்பாயிடை’யினுள் இருக்கும் ஆயிடை, இரண்டிற்கும் நடுவாகிய வெளியைச் சுட்டும் பழந்தமிழ்ச் சொல். இவ்விடத்திலே தமிழாசிரியரின் துணையைக் கணித ஆசிரியர் நாடுவாராயின், இலக்கணப் பாடத்து ளகர டகரத் திரிபுக்கும் ஒரு நல்ல உதாரணம் கிட்டும். இரு பாடங்களும் பரஸ்பரம் பயனடையும்.

வேறு பொருள் குறுக்கிடும் இடங்கள்

சில சொற்களை மாணாக்கர் முன்னரே அறிந்திருப்பதுதான் இடராகின்றது. தொடை என்றால் உடலுறுப்பு, ஆகாரம் என்றால் உணவு, தாயம் என்றால் விளையாட்டு, சிறை என்றால் கைதியின் அறை என்றே அவர்கள் அறிவார்கள். கணித நூலிலோ, தொடை மூலகங்களின் திரட்டு. ஆகாரம் ஒரு பரம்பலில் அதிக தடவை தோன்றும் பெறுமானம். தாயம் எண்களை நிரையும் நிரலுமாய் அடுக்கிய வரிசை. ஆரைச்சிறை இரண்டு ஆரைகளும் ஒரு வில்லும் அடைக்கும் வட்டப் பகுதி. வகுப்பிலே எழும் சிரிப்பை அதட்டி அடக்கிவிட்டு மேற்செல்லும் ஆசிரியர் ஒரு நல்ல சந்தர்ப்பத்தை இழக்கிறார். மோனைத் தொடை, எதுகைத் தொடை என்று யாப்பிலக்கணத்திற் பயில்வதும், பூத்தொடுத்தலும், மூலகங்களைத் தொடுத்த தொடையும் ஒரே வேரின என்றும், சிறை என்பதற்குப் பறவையின் இறகு என்றும் ஒரு பொருளுண்டு என்றும், வடமொழியில் ஆகாரம் என்பது வடிவத்தையும் குறிக்கும் என்றும் இரண்டொரு வாக்கியங்களில் எடுத்துரைத்தால், அந்நியமாயிருந்த சொல் அர்த்தம் பெற்றுவிடும்.

விதியொன்றுக்கமைய அசையும் புள்ளியின் பாதைக்கு ‘ஒழுக்கு’ என்பது பாடநூற் பெயர். மாரிகாலத்தில் லயத்துக் கூரையின் ஒழுக்குக்குப் பாத்திரம் ஏந்தி வைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இச்சொல் வேதனையான ஓர் அனுபவத்தையே முதலில் நினைவூட்டும். அதனை மறைப்பானேன்? நீர் தான் செல்லும் நெறியிலே இடையறாது செல்லுதலே ஒழுகுதல். நிலைத்த ஒரு புள்ளியிலிருந்து மாறாத் தூரத்திலே இடையறாது செல்லும் புள்ளியின் ஒழுக்கு வட்டம் என்று தொடர்ந்தால், இரு அர்த்தங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

கொழுந்து மடுவத்தின் கணிதம்

மலையகத்துப் பிள்ளை கணிதச் சூழலின்றி வளர்கிறதென்ற அபிப்பிராயம் சிலரிடையே நிலவுகின்றது; அதற்கு ஆதாரமில்லை. காலையில் பிரட்டுக்களத்திலே பேர் பதிவதிலிருந்து, மாலையில் மடுவத்திலே கொழுந்து நிறுத்து முடியும்வரை, தோட்டத்தின் வாழ்வு முழுவதும் கணக்கினாலேயே நடைபெறுகின்றது. 2021 ஆம் ஆண்டில் ஆயிரம் ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டு, ஏனைய எண்களை வகுப்பறைத் தேவைக்கென நாமே வைத்துக்கொண்டு, ஓர் உதாரணத்தை ஆராய்வோம்.

தாயார் ஒருவர் கொய்த கொழுந்து தராசில் 27 கிலோ காட்டுகின்றது. சாக்கின் பாரத்துக்கும் ஈரத்துக்குமென 2 கிலோ கழிவு போகிறது. அன்றைய இலக்கு 18 கிலோ. அதன்மேற் கொய்யும் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபாய். எஞ்சும் 25 கிலோவில் மேலதிகம் 7 கிலோ. அதற்கு 350 ரூபாய். ஆக அன்றைய வருமானம் 1350 ரூபாய். இக்கணக்கை அத்தாயார் தாளும் பேனையுமின்றி, கூடையை இறக்கி வைப்பதற்குள் செய்து முடிப்பார். அவர் மனத்திலே செய்ததை எழுத்திலே நிறுத்துவதுதான் அட்சரகணிதம். கழிவு போக எஞ்சும் கிலோவை ‘க’ எனவும், வருமானத்தை ‘வ’ எனவும் குறித்தால், வ = 1000 + 50(க − 18) என்னும் சமன்பாடு பிறக்கின்றது. க, வ என்பவை மாறிகள், 1000 மாறிலி, 50 குணகம், க ≥ 18 என்பது இச்சமன்பாடு எங்கே செல்லுபடியாகும் என்று வரம்பிடும் சமனிலி, தராசு காட்டிய நிறையில் கழிவின் பங்கு ஏறத்தாழ 7.4 சதவீதம். ஒரே நிறுவையிலிருந்து ஐந்து கலைச்சொற்கள், ஒவ்வொன்றும் தான் செய்யும் தொழிலோடு, வெளிப்பட்டு விடுகின்றன.

இத்துடன் நின்றுவிட வேண்டியதில்லை. அடைப்பை நீக்கிச் சுருக்கினால் வ = 50க + 100 என்றாகும். வரைபாக வரைந்தால் 50 அக்கோட்டின் படித்திறன். 100 அதன் வெட்டுத்துண்டு. அப்படியாயின் ஒரு கிலோவும் கொய்யாதவருக்கு நூறு ரூபாய் கிடைக்குமா என்று ஒரு மாணவன் வினவுவானாயின், அவ்வகுப்பு அன்று உயர்ந்த கணிதத்தைத் தொட்டுவிட்டது என்பேன். இலக்கை எட்டாத நாளுக்கு வேறு விதி உண்டு, அரைநாட் சம்பளமாகிய அரைப்பேர் என்பதே அது என அவனே அறிவான். 18 இற்குக் கீழே இந்தக் கோட்டை நீட்டுதல் தகாதென்பதையும், வெட்டுத்துண்டு இங்கே வடிவத்தின் பண்பேயன்றிக் கூலியன்று என்பதையும், அந்த அறிவைக் கொண்டே அவன் நிறுவிவிடுவான். வரைவிலக்கணத்தை முதலிற் சொல்லி உதாரணத்தைப் பிற்கூறும் நமது வழமையான போதனைமுறையில் இக்கேள்வி எழுதல் அரிது.

இரு கரைச் சொற்கள்

அண்மைக் காலத்தில் வேறொரு பிரச்சினையும் சேர்ந்திருக்கிறது. கைத்தொலைபேசி வாயிலாகத் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் கணிதக் காணொளிகள் வலப்பனைத் தோட்டங்கட்கும் எட்டுகின்றன. மேலதிக வகுப்புக்குப் பணம் செலவிட இயலாத குடும்பங்கட்கு இது பெரியதோர் அனுகூலம். ஆனால் அங்கே ஆரம் என்பது இங்கே ஆரை, கர்ணம் செம்பக்கமாகும், கெழு குணகமாகும், சாய்வு படித்திறனாகும், கணம் தொடையாகும், அணி தாயமாகும், முகடு ஆகாரமாகும், வடிவியல் கேத்திரகணிதமாகும். சமன்பாடு, நிகழ்தகவு, மடக்கை, பின்னம், சார்பு, விட்டம், பரிதி, நாண் முதலியவை இரு கரைக்கும் பொது.

இவற்றுள் எது உயர்ந்தது என்ற வாதத்தில் இறங்குதல் வீண். சரிவான மலையிலே தேயிலைச் செடிகளினூடே ஏறியிறங்கும் பிள்ளைக்குச் சாய்வு என்பது உடனே விளங்கும்; கிடையாக ஓரலகு செல்லும்போது எத்தனை அலகு ஏறுகிறோம் என்னும் கணியத்தைப் படித்திறன் துல்லியமாய்க் குறிக்கும். இரண்டையும் அறிந்தவனுக்கு நஷ்டமொன்றுமில்லை. பரீட்சை வினாத்தாள் இலங்கை வழக்கிலேயே அமையுமென்பதை மனத்திற் கொண்டு, மற்றக் கரைச் சொல்லைத் துணையாகக் கொள்வதே விவேகம்.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருமங்கள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒவ்வோர் அலகின் தொடக்கத்திலும் அதன் சொற்களை இனவாரியாக, அடிச்சொல்லும் ஈறும் விளங்க எழுதிய ஓர் அட்டை வகுப்பறைச் சுவரில் இடம்பெறல் வேண்டும். அகராதி வரிசை இதற்கு உதவாது. இரண்டாவது, இரு கரைச் சொற்களையும் எதிரெதிரே நிறுத்திய சிறு கைந்நூலொன்றை மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர்களே கூடித் தொகுத்தல் வேண்டும். அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை, பாடநூல்களைப் பக்கம்பக்கமாய் ஒப்புநோக்கும் பொறுமையே தேவை. மூன்றாவது, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற ஆசிரிய நிறுவனங்களில் பயில்வோர், மடுவத்திலும் கூட்டுறவுக் கடையிலும் மரக்கறித் தோட்டத்திலும் நிகழும் கணக்குகளைச் சேகரித்து, கலைச்சொற்களுக்குரிய பயிற்சிகளாக மாற்றுதலைத் தம் பயிற்சியின் ஓரங்கமாகக் கொள்ளல் வேண்டும்.

கணிதச் சொல் ஒவ்வொன்றும் நீண்ட சிந்தனையொன்றின் சுருக்கம். அதனைச் சரியாகக் கையாள்பவன் தன் எண்ணத்தைத் தடுமாற்றமின்றிப் பிறர்க்குரைக்கவும், பிறர் கூறும் கணக்கைச் சோதித்துப் பார்க்கவும் வல்லவனாகிறான். தம் உழைப்புக்குரிய கணக்கைப் பிறர் எழுதி வைக்கப் பல தலைமுறைகளாய்க் கண்டு நின்ற ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு இவ்வல்லமை வெறும் பரீட்சைப் பெறுபேறாக முடிவதன்று. கழிவு எத்தனை, விகிதம் எவ்வளவு, அது எந்த விதிப்படி என்று நிமிர்ந்து கேட்கும் உரிமைக்கு அதுவே மொழியாகும். வலப்பனையின் கணித ஆசிரியர் நாடோறும் கரும்பலகையிலே எழுதும் சொற்கள் இத்துணைப் பொறுப்புடையவை என்பதை உணர்ந்து, கல்வியதிகாரிகளும் தமிழறிஞர்களும் அவருக்குத் தோள்கொடுக்க முன்வருதல் கடன்.