ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டர்

பாரீஸிலிருந்து மார்செய்க்கு நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 800 கிலோமீட்டர். காலையில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் கோடைகால சூரியன் இறங்குவதற்குள் மத்தியதரைக் கடலைப் பார்த்துவிடலாம். 1982 மே 23 அன்று ஒரு சிவப்பு ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனில் கிளம்பிய இருவர் இந்தத் தூரத்தைக் கடக்க 33 நாள் எடுத்துக்கொண்டார்கள். வண்டிக் கோளாறு காரணமில்லை, வழி தவறவும் இல்லை. வேண்டுமென்றேதான். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டர் வருகிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இவர்களை முந்திவிடுவார்கள்.

ஒருவர் அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தஸார். இன்னொருவர் அவருடைய மனைவி கரோல் டன்லப். எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், புகைப்படக்காரர், கணவரைவிட முப்பது வயதுக்கும் மேல் இளையவர். இருவரும் சேர்ந்து எழுதிய பயணநூல் 1983ல் ஸ்பானிய மொழியில் வந்தது. ஆன் மெக்லீன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2007ல் வெளியானது: 'ஆட்டோநாட்ஸ் ஆஃப் த காஸ்மோரூட்'. தமிழில் சொல்வதானால் 'அண்டச்சாலையின் காரோடிகள்' என்று ஏதாவது வைக்கலாம். விண்ணில் போகிறவர் விண்ணோடி என்றால் காரில் போகிறவர் காரோடி.

அவர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட விதிகள் கொஞ்சம்தான். நெடுஞ்சாலையை விட்டு ஒருமுறைகூட வெளியே இறங்கக் கூடாது. வழியில் இருக்கிற அத்தனை ஓய்விடங்களிலும் நிற்க வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு வீதம். இரண்டாவதில் இரவு தங்கியே தீர வேண்டும். ஒவ்வொரு இடத்தையும் 'அறிவியல் முறைப்படி' ஆராய்ந்து குறிப்பெடுக்க வேண்டும். கடைசியில் அந்தக் காலத்து நாடுகாண் பயணிகளைப் போல ஒரு புத்தகம் எழுத வேண்டும். நாலு மரமும் கழிப்பறையும் மட்டும் உள்ள ஓய்விடம், பெட்ரோல் பங்க்கும் உணவகமும் உள்ள ஓய்விடம் என்று மொத்தம் 65.

இந்தப் புத்தகத்தை இப்போது ஏன் பேச வேண்டும்? கோடை வந்தால் இன்ஸ்டாகிராம் முழுக்க மோட்டார்ஹோம்தான். ஆல்ப்ஸ் மலை தெரிகிற பின்கதவு, போர்வைக்கு வெளியே நீட்டிய இரண்டு கால்கள், ஆவி பறக்கும் ஒரு காபிக் கோப்பை. சுதந்திரம் என்று கேப்ஷன். வேலை நிமித்தமாக நான் ஜெர்மனியில் இருந்த ஒரு கோடையில் ஆபீஸ் பாதி காலியாகிவிட்டது. உடன் வேலை பார்த்த ஒருவர் வாடகை மோட்டார்ஹோமில் குடும்பத்தோடு கிளம்புவதற்கு முன் தன் திட்டத்தை எக்செல் ஷீட்டில் காட்டினார். 14 நாள், ஆறு நாடு. ஒவ்வொரு வரிசையிலும் தூரம், டீசல், இரவு தங்குமிடம். எந்த இடத்தில் தண்ணீர் பிடிப்பது, எங்கே கழிவுத் தொட்டியைக் காலி செய்வது என்பது வரை தனித்தனி நிறத்தில். பொறாமையாகத்தான் இருந்தது. அதே நேரம், இது எங்கள் ஸ்ப்ரின்ட் பிளானிங் மாதிரியே இருக்கிறதே என்றும் தோன்றியது.

அவரைக் குறை சொல்ல முடியாது. படத்தில் காற்று மாதிரி தெரிகிற மோட்டார்ஹோம் நிஜத்தில் ஒரு சின்ன வீட்டின் அத்தனை பிக்கல் பிடுங்கலோடும் நகர்வது. சாதாரண கார் லைசென்ஸுக்கு வண்டியின் மொத்த எடை மூன்றரை டன்னுக்குள் இருக்க வேண்டும். நாலு பேர், சைக்கிள், தண்ணீர் எல்லாம் ஏற்றினால் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். ஆஸ்திரியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் தனித்தனி நெடுஞ்சாலை வில்லை வாங்க வேண்டும், பிரான்சிலும் இத்தாலியிலும் சுங்கச்சாவடி. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த விதி வேறொன்று. ஐரோப்பாவின் பல இடங்களில் வண்டியை நிறுத்தி உள்ளே படுத்துத் தூங்கினால் அது 'பார்க்கிங்'. வெளியே ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தால் அது 'கேம்பிங்' ஆகிவிடும், அபராதம் கட்ட நேரலாம். களைப்பாற நிற்கலாம், ஆனால் அங்கே வாழ்வதுபோல் தெரியக் கூடாது.

கொர்த்தஸாரும் டன்லப்பும் செய்தது இதற்கு நேர்மாறு. பூப்போட்ட இரண்டு மடக்கு நாற்காலிகள் வைத்திருந்தார்கள், அவற்றுக்குக் கிண்டலாகப் 'பூப்போட்ட பயங்கரங்கள்' என்கிற மாதிரி பெயரும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஓய்விடத்திலும் அவற்றை விரித்து, டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்தச் சாலையில் இரண்டு நாளுக்கு மேல் ஒரு வண்டி இருக்கக் கூடாது என்பது விதி. முன்கூட்டியே நெடுஞ்சாலை நிறுவனத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்டிருந்தார்கள். அனுமதி கைக்கு வராமலேயே கிளம்பியும்விட்டார்கள்.

புத்தகத்தின் வடிவம் ஒரு நீண்ட கேலி. வண்டிக்கு ஃபாஃப்னர் என்று பெயர், வாக்னரின் ஓபராவில் வருகிற டிராகன். கணவர் ஓநாய், மனைவி கரடிக்குட்டி. நாள்தோறும் கப்பல் கேப்டன் பாணியில் பதிவேடு: எத்தனை மணிக்கு நகர்ந்தோம், என்ன சாப்பிட்டோம், வெயில் எத்தனை டிகிரி, ஃபாஃப்னரின் மூக்கு எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது. நடுவில் புகைப்படங்கள், எறும்பு பற்றிய ஆராய்ச்சி, குப்பைத்தொட்டி பற்றிய தத்துவம், டன்லப்பின் மகன் வரைந்த ஓய்விட வரைபடங்கள். நண்பர்கள் வந்து காய்கறி கொடுத்துவிட்டுப் போவதுகூட துருவப் பயணத்துக்கு உணவுக்கப்பல் வந்த தோரணையில் எழுதப்படுகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சில இடங்களில் போரடிக்கும். நாடுகாண் பயணிப் பகடி நூறு பக்கத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, புத்தகம் அதற்குப் பிறகும் வெகுதூரம் போகிறது. பிடித்தவர்கள் இதை 'விளையாட்டு', 'காதல் கடிதம்' என்று கொண்டாடுகிறார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அந்த இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் புத்தகம் கையை விட்டுப் போய்விடும் என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல 16 வருடம் பின்னால் போக வேண்டும்.

1966ல் கொர்த்தஸார் 'தெற்கு நெடுஞ்சாலை' என்கிற சிறுகதையை வெளியிட்டார். அதுவும் இதே சாலைதான், திசை மட்டும் எதிர். ஆகஸ்ட் மாத ஞாயிறு மாலை, விடுமுறை முடிந்து பாரீஸுக்குத் திரும்பும் வண்டிகள் நெரிசலில் நின்றுவிடுகின்றன. மணிக்கணக்கு நாள்கணக்காகிறது, வெயில் போய்க் குளிர் வருகிறது. யாருக்கும் பெயர் கிடையாது, வண்டியின் பெயர்தான் ஆளின் பெயர். முக்கியப் பாத்திரம் பெஷோ 404ல் வந்த ஒரு எஞ்சினியர். பக்கத்தில் டோஃபீன் காரில் ஒரு பெண். தண்ணீரைப் பங்கிடுகிறார்கள், நோயாளிக்கு ஒரு காரை ஒதுக்குகிறார்கள், குழுத்தலைவர் வருகிறார், சாவு வருகிறது, 404க்கும் டோஃபீனுக்கும் இடையே காதலும் வருகிறது. பிறகு திடீரென்று நெரிசல் விடுபடுகிறது. வண்டிகள் வேகமெடுக்கின்றன. ஒரு வரிசை முந்துகிறது, இன்னொன்று பின்தங்குகிறது. எஞ்சினியர் டோஃபீனைத் தேடுகிறார், காணவில்லை. நிற்கவும் முடியாது. ஏன் இவ்வளவு வேகம் என்று யாருக்கும் தெரியாமல் எல்லோரும் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

அந்தக் கதையில் சாலை நின்றபோதுதான் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆனால் நிற்பது அவர்கள் கையில் இல்லை, நகர்வதும் இல்லை. 1982 பயணம் அந்தக் கதைக்கு அதே எழுத்தாளர் எழுதிய பதிலாக எனக்குப் படுகிறது. நெரிசல் வந்துதான் நிற்க வேண்டுமா, நாமே நின்றால் என்ன? டோஃபீனைத் தொலைக்காமல் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு, 65 முறை நின்றால் என்ன?

இந்த நோக்கில் பார்த்தால் அந்த விசித்திர விதிகளின் வேலை புரிகிறது. ஒரு நாளைக்கு இரண்டு என்று விதி இருப்பதால், அழகான இடத்தில் கூடுதலாக ஒரு நாள் தங்க முடியாது, அசிங்கமான இடத்தைத் தவிர்க்கவும் முடியாது. 'அடுத்து எங்கே?' என்ற கேள்வியே செத்துவிடுகிறது. என் சக ஊழியரின் எக்செல்லும் விதிதான், இவர்களுடையதும் விதிதான். முன்னது முடிந்தவரை அதிக இடத்தைப் பிடிப்பதற்கு. பின்னது, கிடைத்த இடத்திலிருந்து ஓட முடியாதபடி தன்னையே கட்டிப்போடுவதற்கு. குறைவாக எழுதப்பட்ட திட்டம் என்பதல்ல வித்தியாசம். எதை மிச்சம்பிடிக்க அந்தத் திட்டம் என்பதில்தான் இருக்கிறது.

மிச்சம்பிடிக்க அவர்களிடம் அதிகம் இல்லை. சில வருடங்களாகத் தள்ளித் தள்ளிப் போன பயணம் அது. 1981ல் கொர்த்தஸார் கடும் ரத்தப்போக்கால் மருத்துவமனையில் கிடந்தவர். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி, ஊர் திரும்ப வழியில்லாத எழுத்தாளர். 1981ல்தான் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. சொந்த ஊருக்குப் போகிற சாலை மூடியிருக்கிற ஒருவர், யாருக்கும் ஊராக இல்லாத ஓய்விடத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார் என்பதை வெறும் விளையாட்டாக என்னால் படிக்க முடியவில்லை.

இங்கே ஒரு கேள்வியையும் வைத்தாக வேண்டும். விதியை மீறி ஒரு மாதம் சாலையோரம் வாழ்ந்தும் இவர்களால் சிரிக்க முடிந்தது எதனால்? கையில் காகிதம் இருந்தது. அதே எண்பதுகளில் இலங்கையிலிருந்து கிளம்பிய தமிழர்களும் ஐரோப்பாவின் எல்லைகளைக் கடந்துகொண்டிருந்தார்கள், பலர் லாரிகளில் ஒளிந்து. அவர்களுக்கு வண்டி நிற்பது என்றால் மூச்சை அடக்கிக்கொள்ளும் நேரம். 1995ல் ஷெங்கன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு மோட்டார்ஹோம்காரர் நாடு மாறியதைப் பல இடங்களில் ஒரு போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். காகிதம் இல்லாதவருக்கு அதே எல்லை இன்றும் சுவர்தான். நிற்பதன் இன்பம் நிற்க உரிமை உள்ளவருக்கே. இந்தப் பக்கம் புத்தகத்தின் பார்வை போதிய அளவு திரும்பவில்லை என்பது என் மனக்குறை. ஆனாலும் இதன் வருமானத்தை நிகராகுவாவின் சான்டினிஸ்டா மக்களுக்கு எழுதிக்கொடுத்தவர்கள் உலகத்தை மறந்து உட்கார்ந்தவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது.

பயணம் முடிந்தபின் இருவரும் நிகராகுவா போனார்கள். அங்கே டன்லப்பின் உடல்நிலை கெட்டது. பாரீஸ் திரும்பி, நவம்பர் 2 அன்று இறந்துபோனார். ஃபாஃப்னரிலிருந்து இறங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. முப்பத்தாறு வயது. புத்தகத்தைக் கொர்த்தஸார் தனியாக உட்கார்ந்து முடித்தார். டிசம்பரில் எழுதிய பின்குறிப்பு கடைசியில் இருக்கிறது. அதுவரை பகடி பேசிவந்த குரல் அங்கே பகடியைக் கீழே வைத்துவிடுகிறது. 1984 பிப்ரவரியில் அவரும் போய்விட்டார். இருவரும் மோன்பர்னாஸ் கல்லறையில் ஒன்றாக இருக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் லாக் எழுதுவது எதற்கென்றால், ஏதாவது உடைந்தால் பின்னோக்கிப் போய்ப் பார்க்க. உடையாத வரை அதை யாரும் திறப்பதில்லை. காலை உணவு, வெயில், ஃபாஃப்னரின் மூக்கு என்று அந்தப் பதிவேட்டை முதல் தடவை படிக்கும்போது ஜோக்காகத்தான் இருக்கிறது. பின்குறிப்பைப் படித்துவிட்டுத் திரும்பப் போனால் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி கனக்கிறது. இன்ன தேதியில், இன்ன நிழலில், இரண்டு பேரும் இருந்தோம், இதைச் சாப்பிட்டோம். பயணநூல்களில் பொதுவாக இடம்தான் பதிவாகும். இதில் பதிவாகியிருப்பது உடன் இருந்த நேரம்.

அதனாலேயே ஒரு விஷயம் உறுத்துகிறது. அட்டையில் இரண்டு பெயர் இருந்தும், பேச்சில் இது எப்போதும் 'கொர்த்தஸாரின் புத்தகம்'. இரண்டு கைகளால் எழுதப்பட்டது என்பதைத் தனியாக முடித்தவரே வலியுறுத்திய பிறகும் இந்த நிலை. புகழ்பெற்றவரின் வண்டி முந்துகிறது, மற்ற வண்டி பின்னால் மறைகிறது. 1966 கதையின் முடிவை வாசகர்களாகிய நாமே மறுபடி நடத்திக்கொண்டிருக்கிறோம்.

படிக்க நினைக்கிறவர்கள் முதலில் 'தெற்கு நெடுஞ்சாலை' கதையைப் படியுங்கள், ஒரு மணி நேரம் போதும். பிறகு இந்தப் புத்தகத்தை ஒரு நாளைக்கு இரண்டு ஓய்விடம் என்ற கணக்கிலேயே படித்துப் பாருங்கள். ஒரே மூச்சில் முடித்தால் சலிக்கும், அதற்காக எழுதப்பட்டதல்ல. 33 நாள் ஆகும். பேசும்போது கரோல் டன்லப் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.