மாடல் டி கேட்காத வரம்

ஃபோர்டு மாடல் டி கார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரானது. அதை இன்றும் ஓட்டுகிறவர்கள் சலிக்காமல் வாதாடும் விஷயங்களில் ஒன்று ஸ்பார்க் பிளக். அந்தக் காலத்து சாம்பியன் எக்ஸ் பிளக்கைத் தேடிப்பிடித்து மாட்டினால்தான் கார் காராக இருக்கும் என்கிறது ஒரு தரப்பு. இன்றைய பிளக்கைப் போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள் என்கிறது மறுதரப்பு. இரண்டு பேருமே பிளக்கின் வயதைப் பார்க்கிறார்கள். எஞ்சினுக்கு என்ன தேவை என்ற கேள்வி நடுவில் காணாமல் போய்விடுகிறது.

அந்த எஞ்சின் 2.9 லிட்டர் கொள்ளளவும் 4 சிலிண்டர்களும் கொண்டது. தருவதோ 20 குதிரைத்திறன். அதன் அழுத்த விகிதம் ஏறக்குறைய 4:1. இன்றைய கார்களில் 10:1 சர்வசாதாரணம். எண்ணெய் பம்ப் கிடையாது. ஃபிளைவீல் வாரி இறைக்கும் எண்ணெயில்தான் உள்பாகங்கள் நனைகின்றன. தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி அந்த எண்ணெய் மேலே ஏறிவிடும். மரப்பெட்டிக்குள் சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் 4 அதிர்வுக் காயில்கள், ஒரே வெடிப்புக்கு அடுத்தடுத்துப் பல பொறிகளைத் தெறிக்கவிடும். ஆக, இந்த எஞ்சினில் பிளக்குக்குப் பெரிய பகை சூடு அல்ல; எண்ணெயும் கரியும்தான்.

சாம்பியன் எக்ஸ் இந்தப் பகையை அறிந்து செய்யப்பட்ட பிளக். அதை இரண்டாகக் கழற்றி, பீங்கானைத் துடைத்து, மீண்டும் பூட்டி ஓட்டலாம். வழியில் பிளக் கடை இல்லாத காலத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் கழற்ற முடிவதே அதன் பலவீனமும் கூட. உடலும் பீங்கானும் சேருமிடத்தில் இருக்கும் வாஷர் தளர்ந்தால் அழுத்தம் கசியும். பல பத்தாண்டுகள் பெட்டியில் கிடந்த பழைய சரக்கின் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். வெளியே வைத்துச் சோதித்தால் அழகாகப் பொறி வரும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும் மின்சாரம் விரிசல் வழியே ஓடி, மிஸ்ஸிங் தொடங்கிவிடும்.

இன்றைய பிளக்கின் உண்மையான முன்னேற்றம் இந்த இடத்தில்தான். பழைய களிமண் பீங்கானுக்குப் பதில் இதில் அலுமினாப் பீங்கான் இருக்கிறது. அது சூட்டின் ஏற்ற இறக்கத்தையும் உயர் மின்னழுத்தத்தையும் பலமடங்கு தாங்கும். உடலோடு நிரந்தரமாகப் பொருத்தி அடைத்திருப்பதால் கசிவும் இல்லை. பழமையைக் காப்பவர்களும் இதற்கு முகம் சுளிக்கத் தேவையில்லை. எஞ்சினில் எதையும் அறுக்காமல், துளைக்காமல் செய்யும் மாற்றம் இது. வேண்டாமென்றால் சில நிமிடங்களில் பழையபடி ஆக்கிவிடலாம்.

சிக்கல் தேர்வில் இருக்கிறது. முதல் சிக்கல் மரை. மாடல் டி பிளக்கின் மரை ½ அங்குலக் குழாய் மரை, நுனி நோக்கிக் குறுகுவது. அதில் பொருந்தும் பிளக்குகள் மிகச் சிலவே. அதனால் 14 மி.மீ. பிளக்குக்கு இணைப்புத் துண்டு போடுகிறார்கள். துண்டு நீளமாக இருந்தால் பொறி ஒரு குழிக்குள் ஒடுங்கிவிடும்; புதிய கலவை அங்கே சரியாக வந்து சேராது. சூடு வெளியேறும் வழியில் இன்னொரு மூட்டும் கூடிவிடுவதால், பிளக்கின் வெப்பக் கணக்கும் மாறும்.

அந்த வெப்பக் கணக்குதான் இரண்டாவது சிக்கல். பிளக்கின் மூக்கு ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் படிந்த கரி தானே எரியும். 850 டிகிரிக்கு மேல் போனால் பொறி வருமுன்பே கலவை பற்றிக்கொள்ளும். சூட்டைச் சீக்கிரம் கடத்தும் பிளக் குளிர் பிளக். தேக்கி வைப்பது சூடான பிளக். அழுத்தம் குறைந்த மாடல் டிக்குச் சூடானதே ஏற்றது. ஆனால் பிளக்கின் வெப்ப ரகத்தைக் குறிக்கும் எண்ணை மட்டும் நம்பி வாங்குகிறவர் ஏமாறுவார். என்ஜிகே நிறுவனத்தின் வரிசையில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. சாம்பியனிலும் ஆட்டோலைட்டிலும் எண் கூடினால் சூடானது. மரை பொருந்துகிறது என்பதற்காகக் குளிர் பிளக்கை மாட்டிவிட்டு, புதுச் சரக்கே மோசம் என்று திட்டுவது நியாயமல்ல.

மூன்றாவது, கேட்காமலே வரும் வசதிகள். இரிடியம் பிளக்கின் மெல்லிய முனை குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தரும், அது நல்லதுதான். ஆனால் அதற்கு அதிக விலை கொடுப்பது நீண்ட ஆயுளுக்காக. வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் காருக்கு அந்த ஆயுள் எதற்கு? எண்ணெயில் ஊறிய இரிடியம் முனையைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவும் முடியாது. சாதாரண நிக்கல் முனை அந்த முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும். ரேடியோ இரைச்சலைத் தடுக்க உள்ளே வைக்கும் 5,000 ஓம் மின்தடையும் ரேடியோ இல்லாத காருக்கு வீண். அதற்காக, அது பொறியைக் கொன்றுவிடும் என்று பயமுறுத்துவதும் மிகை. பொறி தாவும்வரை அதன் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. தாவிய பிறகு ஓரளவு ஆற்றல் இழப்பு உண்டு. எஞ்சினை நிறுத்தும் அளவுக்கு அல்ல.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. நல்ல சூடான பிளக் எஞ்சினின் நோயை மறைத்துவிடும். பழைய பிளக் எண்ணெயில் நனைந்து நின்றபோது, ரிங் தேய்ந்ததை அது சொல்லிக்கொண்டிருந்தது. கருப்புக் கரி, கார்புரேட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றுவதைச் சொல்லியது. புதியது அந்த எண்ணெயை எரித்துச் சமாளிக்கும்போது, காரும் ஓடும், தேய்மானமும் தொடரும். பிளக்கை மாற்றியதும் எஞ்சின் சரியாகிவிட்டது என்று மகிழ்கிறவர், பெரும்பாலும் அறிகுறியைத்தான் சரிசெய்திருக்கிறார்.

எனவே அழுத்தத்தையும் கார்புரேட்டரையும் காயில்களையும் பார்த்த பிறகே பிளக்குக்கு வர வேண்டும். வந்தபின் தேர்வு எளிது: சரியான மரை, சூடான ரகம், நிக்கல் முனை, மின்தடை இல்லாமை, இன்றைய பீங்கான். இந்த ஐந்தில் புதுமை தேவைப்படுவது கடைசி ஒன்றுக்கு மட்டுமே. கண்காட்சியில் நடுவர் பார்க்கும் நாளுக்கென்று சாம்பியன் எக்ஸ் ஒரு செட் தனியாக வைத்திருப்பதில் தவறில்லை. சாலையில் ஓடும் நாளுக்கு அதைக் கட்டாயமாக்குவதுதான் வீம்பு.