நன்மாதிரிகையும் ஒரு நாவலும்

பிறருக்கு நன்மாதிரிகையாய் இருக்க வேண்டும் என்னும் அறிவுரையைக் கேளாமல் வளர்ந்த கத்தோலிக்கர் நம்மிடையே இரார். மறைக்கல்வி வகுப்பில் தொடங்கித் திருமண மறையுரை வரை அது நம்மைத் தொடர்கிறது. ஆனால் மலைப்பொழிவு இதனை அத்துணை எளிதாக விட்டுவிடவில்லை. நம் ஒளி மனிதர்முன் சுடர்விட வேண்டும் என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் பணிக்கும் ஆண்டவரே, மக்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக அறம் செய்வதை அடுத்த அதிகாரத்தில் கண்டிக்கிறார். இவ்விரு கட்டளைகளுக்கும் இடையே தடுமாறி நிற்கும் ஒருவரின் கதையாகக் கிரகாம் கிரீனின் ‘தி பவர் அண்ட் தி குளோரி’ நாவலை வாசிக்க முடியும்.

1940இல் வெளிவந்த இந்நாவலின் களம் மெக்சிகோ. அந்நாட்டின் தபாஸ்கோ மாநிலத்தில், தொமாஸ் கர்ரிதோ கனபால் ஆட்சியில் ஆலயங்கள் இடிக்கப்பட்டன. குருக்கள் மணம் செய்துகொள்ள வேண்டும் அல்லது வெளியேற வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. 1938இல் அப்பகுதியில் பயணம் செய்த கிரீன், தாம் கண்டதையும் கேட்டதையும் கொண்டு பெயரில்லாத ஒரு குருவைப் படைத்தார். அவர் குடிகாரர்; ஒரு பெண்குழந்தைக்குத் தந்தை; அச்சம் மிகுந்தவர். எனினும் அம்மாநிலத்தில் ஒளிந்து திரிந்து திருப்பலி நிறைவேற்ற எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே.

நாவலுக்குள்ளே மற்றொரு கதையும் ஓடுகிறது. பக்தியுள்ள ஒரு தாய், ஹுவான் என்னும் இளம் மறைசாட்சியின் வரலாற்றைத் தன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறாள். ஹுவானிடம் குறையே கிடையாது. சிறுவயது முதலே புனிதன், சுடப்படும்போதும் அஞ்சாதவன். கேட்கும் சிறுவன் லூயிசுக்கோ சலிப்பே மிஞ்சுகிறது. அவன் கண்கள் தெருவில் செல்லும் காவல் அதிகாரியின் துப்பாக்கியை நாடுகின்றன. மாசற்ற மாதிரி ஒரு குழந்தையின் உள்ளத்தைத் தொடவில்லை என்பதைக் கிரீன் விளக்கிச் சொல்லவில்லை, காட்டிவிட்டு நகர்கிறார்.

நாவலின் உச்சம் என நான் கருதுவது சிறைச்சாலை இரவு. மது வைத்திருந்த குற்றத்திற்காகப் பிடிபட்ட குரு, இருளும் துர்நாற்றமும் நிறைந்த அறையில் கைதிகளோடு நெருங்கிக் கிடக்கிறார். தாம் ஒரு குரு என்பதையும், கெட்ட குரு என்பதையும், தமக்கொரு குழந்தை இருப்பதையும் அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். அவரைக் காட்டிக்கொடுப்பவருக்குப் பணம் காத்திருந்தும் அன்றிரவு அங்கிருந்த எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அதே அறையில், பக்தி நூல்கள் வைத்திருந்ததற்காகச் சிறைப்பட்ட பெண்மணி ஒருத்தியும் இருக்கிறாள். அவளுக்குத் தன் நேர்மையில் ஐயமே இல்லை. ஆகவே அருகிலிருக்கும் பாவிகள்மீது இரக்கமும் இல்லை. விசுவாசத்துக்காகத் துன்புறுபவள் அவள். ஆனால் அந்த அறையில் கிறிஸ்துவின் சாயல் தெரிவது குடிகாரக் குருவிடமே.

பின்னர் அவர் எல்லையைக் கடந்து பாதுகாப்பான ஊரை அடைகிறார். மக்கள் அவரை மதிக்கிறார்கள். உடனே பழைய மிடுக்கும் திரும்புகிறது. திருமுழுக்குக்கான காணிக்கையைப் பேரம் பேசுகிறார். மதிப்பு வந்த இடத்தில் மாதிரி கெட்டுவிடுகிறது! சாகக் கிடக்கும் ஒரு கொலைகாரனுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க அழைப்பு வரும்போது, அது சூழ்ச்சி என்று தெரிந்தே திரும்பிச் செல்கிறார். அவனோ பாவசங்கீர்த்தனம் செய்யாமலே இறக்கிறான். குருவுக்குக் கிடைப்பது மரணதண்டனை. இறைவன் முன் வெறுங்கையோடு போகிறோமே என்னும் துயரத்தோடுதான் அவர் இறுதிக் காலையை எதிர்கொள்கிறார். தாம் யாருக்கேனும் நன்மாதிரிகை ஆனோம் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை.

இங்கே ஒரு தடை எழும். இது பாவத்துக்கு மெருகிடுவதாகாதா? துர்மாதிரிகையால் புண்பட்டோருக்கு என்ன விடை? திருச்சபையின் பணியாளர்களாலேயே காயப்பட்டவர்களின் குரலைக் கேட்டுவரும் நாம் இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 1953இல் திருஆட்சியகமும் இந்நாவலைக் குறித்துக் கவலை தெரிவித்துத் திருத்தம் கோரியது. கிரீன் திருத்தவில்லை; 1965இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைச் சந்தித்தபோது, அக்கண்டனத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்னும் கருத்தில் பேசினார். என் விடை நாவலுக்குள்ளேயே இருக்கிறது. தம் மகளின் முகத்தில் வயதுக்கு மீறிய கசப்பைக் காணும் குரு, அதற்குத் தாமே காரணம் என்று நடுங்குகிறார். அவளுக்காகத் தம் ஆன்மாவையே ஈடாக வைக்க முன்வருகிறார். பாவத்தின் விளைவை ஆசிரியர் எங்கும் குறைத்துக் காட்டவில்லை. பாவத்தை மறைப்பவர் வேறு, அதை ஏற்று அழுபவர் வேறு.

குறையும் உண்டு. குரு சுடப்பட்ட அன்றிரவே லூயிசின் வீட்டுக் கதவைப் புதிய குரு ஒருவர் தட்டுவதும், சிறுவன் அவர் கையை முத்தமிடுவதும் மிகவும் கச்சிதமாகப் பொருத்தப்பட்ட முடிவாக எனக்குப் படுகிறது. ஆனால் அதற்குச் சற்று முன்வரும் சிறு உரையாடல் இந்தக் குறையை ஈடுசெய்கிறது. சுடப்பட்ட குரு முன்பு தங்கள் வீட்டில் தங்கியவர். அவர்மேல் ஒருவிதமான வாடை வீசியதே என்று பெண்பிள்ளைகளில் ஒருத்தி நினைவுகூர்கிறாள். அவர் புனிதராகவும் இருக்கலாம், இனி அப்படிச் சொல்லக்கூடாது என்று தாய் அவளை அடக்குகிறாள். கண்முன் வாழ்ந்த மனிதர் இன்னொரு ஹுவானாக மாற்றப்படும் கணம் அது.

அந்தத் தாயின் வேலையைத்தான் நம் குடும்பங்களும் பங்குகளும் செய்துவருகின்றன. தாத்தாவின் குடியை, தந்தையின் கோபத்தை, நம் விசுவாசத் தளர்ச்சியை மறைத்துவிட்டு மாசற்ற படம் ஒன்றைப் பிள்ளைகள்முன் மாட்டுகிறோம். பிள்ளைகள் விழுந்து எழ முடியாமல் தவிக்கும் நாளில் அந்தப் படம் அவர்களுக்கு உதவுமா? விழுந்த இடத்திலிருந்து ஒருவர் எழுந்ததை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். ‘நான் தவறினேன், மன்னித்துக்கொள்’ என்று மகனிடம் சொல்லும் தந்தை தன் மதிப்பை இழப்பதில்லை. அவர் விளக்கைத் தண்டின்மேல் வைக்கிறார். அதன் ஒளி தம்முடையது அன்று என்பதையும் அறிந்திருக்கிறார்.