பொறுத்துக்கொள்ள உரிமையுள்ளவர்

சட்டப் புத்தகத்திலா நயம் தேடுவது என்று கேட்பவர்கள் மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 260-ஆம் பிரிவை ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும். அங்கே ஓர் அட்டவணை இருக்கிறது. முதல் இரண்டு பத்திகளில் குற்றமும் தண்டனைச் சட்டத்தில் அதற்குரிய எண்ணும். மூன்றாவதில், அந்தக் குற்றத்தைச் சமரசமாக முடித்துக்கொள்ளக் கூடியவர் யார் என்று இருக்கும். அடி விழுந்திருந்தால், அடிபட்டவர். வழிமறித்திருந்தால், மறிக்கப்பட்டவர். இழிவாகப் பேசியிருந்தால், அந்தப் பேச்சுக்கு ஆளானவர். போலீஸ்காரர் இல்லை, ஊர்ப் பெரியவர் இல்லை; பொறுப்பதா வேண்டாமா என்பது பட்டவர் பாடு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அத்துமீறி நுழைவதைப் பற்றிய வரி. சொத்தின் உரிமையாளர் என்று அங்கே இல்லை. சொத்தைத் தம் வசம் வைத்திருப்பவர் என்றிருக்கிறது. பினாங்கின் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாடகைக்கு இருந்த குடும்பங்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் ருசி தெரியும். 1999 இறுதியில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கும்வரை அந்தப் பழைய தெருக்களில் விளக்கெரிந்தது பெரும்பாலும் அவர்களால்தான். ராத்திரி ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் நடுங்கியது அவர்கள் நெஞ்சு. பத்திரக்காரர் எங்கோ தூங்கிக்கொண்டிருப்பார். யார் மனம் கலங்கியது என்பது அந்த வரிக்குத் தெரிந்திருக்கிறது! பொருளைச் சேதப்படுத்திய குற்றத்திலும் அதே கூர்மை: நஷ்டம் தனியாருக்கு மட்டும் என்றால்தான் சமரசம். ஊர்ச் சொத்தை உடைத்தவனை மன்னிக்க எந்தத் தனியாளுக்கும் அதிகாரமில்லை.

வழக்கு நீதிமன்றம் ஏறிவிட்டால் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும். மிரட்டிக் கைகுலுக்க வைக்கும் கட்டப்பஞ்சாயத்துக்கு அங்கேதான் பூட்டு. அதே சட்டத்தின் 183ஏ பிரிவிலும் ஒரு மென்மை உண்டு. தண்டனை விதிக்குமுன், பாதிக்கப்பட்டவர் தமக்கு நேர்ந்ததை நீதிமன்றத்தில் சொல்லலாம். ஆனால் அவரோ குடும்பத்தாரோ கேட்டுக்கொண்டால்தான். பேசாமல் இருக்கவும் இடம் விட்டிருக்கிறார்கள்.

பினாங்கில் சமரசம் நேற்று வந்ததல்ல. 1807-இல் அரச நீதிச் சாசனம் வருவதற்கு முன்பு சில்லறைத் தகராறுகளை அந்தந்தச் சமூகத்தின் தலைவர்களான கப்பித்தான்களே விசாரித்தார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் பெயர் தந்த காதர் மொகைதீன் நம் தமிழ் முஸ்லிம்களின் தலைவர். ஆனால் கப்பித்தான் முன்னால் தீர்ப்பு தலைவருடையது. 260-இல் அது காயம்பட்டவருடையது. இந்த இடமாற்றத்தைத்தான் பெரிய முன்னேற்றம் என்பேன்.

ஒரு குறையும் உண்டு. யார் முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் அட்டவணை, இருவரையும் எப்படிப் பேச வைப்பது என்று சொல்வதில்லை. அது ஒரு தொழில், பழகிப் பெறவேண்டிய கை. 1974-இல் கனடாவின் எல்மைராவில் குடித்துவிட்டு 22 இடங்களை நாசப்படுத்திய இரு இளைஞர்களை, நன்னடத்தை அதிகாரி மார்க் யான்ட்சியும் நண்பர் டேவ் வொர்த்தும் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசலுக்கே அழைத்துப் போனார்கள். கதவைத் தட்டியது இளைஞர்கள். யான்ட்சியும் வொர்த்தும் குறிப்பேட்டோடு பக்கத்தில் நின்றார்கள். உலகெங்கும் பரவிய மறுசீரமைப்பு நீதிக்கு அந்த வாசல்களே தொடக்கம் என்பார்கள். 'மன்னிச்சிடுங்க' என்ற சொல்லை இன்னொருவர் வாயில் போட்டுக் கொடுக்காமல் நின்ற அந்த அடக்கம்தான், என் கணக்கில், இந்தத் தொழிலின் உச்சம். பேச்சுத் திறமை இதில் இரண்டாம்பட்சம்.

பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975 முதல் சமூகப்பணி கற்பிக்கிறது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகளில் இரண்டு பேராவது இந்த வேலைக்கு வாருங்கள். தமிழில் அழுகிறவருக்குத் தமிழிலேயே காது கொடுக்க ஆள் வேண்டும்.