பார்வையும் நோக்கும்

கலையைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் உலகில் இல்லை. இலக்கணம் பேச அஞ்சுபவரும் திரைப்படம் பேச அஞ்சுவதில்லை. சுங்கை பட்டாணியின் தேநீர்க் கடையிலும், கூலிமில் நடைபெறும் திருமண விருந்திலும், அலோர் ஸ்டார் செல்லும் பேருந்திலும் நாள்தோறும் தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. 'பிரமாதம்', 'பரவாயில்லை', 'மட்டம்' என்னும் மூன்று சொற்களுக்குள் படமும் புடைவையும் வீடும் கோயிலும் கோபுரமும் அடங்கிவிடுகின்றன. வழக்கை விசாரிக்குமுன் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இத்தகைய பேச்சைக் கற்றோர் சிலர் இகழ்ந்து ஒதுக்குவர். அது முறையன்று. கருத்து போகிற போக்கில் பிறந்தது என்பதனாலேயே அது குற்றமுடையது ஆகாது. அக்கருத்துக்குப் பின்னே காரணம் உண்டா, கண் உண்டா என்பதே கேள்வி. தொல்காப்பியர் செய்யுளுக்கு உரிய 34 உறுப்புகளுள் 'நோக்கு' என்பதனையும் ஒன்றாக வைத்தார். கேட்டவர் மீண்டும் திரும்பிப் பார்த்துப் பயன் கொள்ளச் செய்வது அது எனப் பேராசிரியர் உரை விளக்கும். செய்யுளுக்கு மட்டுமன்றி, கல்லாலும் மரத்தாலும் துணியாலும் ஆன படைப்புகளுக்கும் இது பொருந்தும். கண்ணில் படுவது பார்வை. திரும்பி நின்று காண்பது நோக்கு.

கெடா மாநிலத்துத் தோட்டங்களில் இந்த நோக்கு இல்லாமலில்லை. ஆனால் அதனைக் கலைத் திறனாய்வு என்று ஒருவரும் மதித்ததில்லை. விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற பெண்கள் உடுத்திய உடையை எண்ணிப் பார்க்கலாம். கைலி, அதன்மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, தலையில் இறுகக் கட்டிய துணி. நகரத்தார் கண்ணுக்கு அது அழகற்ற கோலம். அணிந்தவர்க்கோ ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. கை நீண்டிருப்பது கொசுக்கடிக்கு. தலைத்துணி சருகும் பூச்சியும் கூந்தலில் விழாதிருக்க. பழைய துணியாய் இருப்பது, பால்கறை பட்டால் எளிதில் போகாது என்பதற்காக. தொழிலும் காடும் சேர்ந்து வகுத்த உடை அது. 'மட்டம்' என்ற நகரத்துச் சொல்லுக்குக் காரணம் கிடையாது. 'கறை போகாது' என்ற தோட்டத்துச் சொல்லுக்கு உண்டு. இவ்விரண்டனுள் திறனாய்வு எது என்பதனைக் கற்றோரே கூறுவாராக.

லயத்து வீடுகளைப் பற்றியும் அவ்வாறே. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த சிற்றறைகளைத் தொலைவிலிருந்து காண்போர், பச்சை மரங்களுக்கு நடுவே அழகான காட்சி என்பர். உள்ளே வாழ்ந்தவர் சொன்னது வேறு. 'வெயிலில் தகரம் வேகும்; மழையில் பேச்சுக் கேட்காது; பக்கத்து வீட்டுச் சண்டை நம் வீட்டுச் சண்டை' என்பன போன்ற சொற்கள் முணுமுணுப்பாகவே கருதப்பட்டன. எனினும் கூரைப் பொருள், ஒலி, சுவரின் கனம், குடும்பத்தின் தனிமை ஆகிய நான்கையும் அவை தொட்டுவிட்டன. கட்டடக்கலை கற்றவரும் இவற்றைத்தாமே ஆராய்வார்? தொழிலாளர் வீட்டுவசதிக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் 1990 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. வீட்டின் தரம் ஆராயத்தக்க பொருள் என்பதனைச் சட்டம் சொல்லுமுன்பே லயத்துத் திண்ணை சொல்லியிருந்தது.

திரைப்படத்திற்கு வந்தால் வேறொரு குறை தென்படும். மலேசியாவில் எடுக்கப்படும் தமிழ்ப் படத்தைக் கண்டு, 'தமிழ்ப் படம் மாதிரியே இல்லையே' என்று உதட்டைப் பிதுக்குவது வழக்கம். சென்னையில் எடுக்கப்படுவது ஒன்றே தமிழ்ப் படம் என்னும் அளவுகோல் அதனுள் மறைந்து நிற்கிறது. 2015 ஆம் ஆண்டின் இறுதியில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' திரையிடப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின்னர்ப் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கிய குடும்பங்களின் வாழ்வை, 1990களின் தொடக்கத்தில் வளரும் ஒரு சிறுவனை நடுவில் வைத்து அது காட்டியது. தீயவன் எனப் பொருள்படும் மலாய்ச் சொல் இந்நாட்டுத் தமிழர் நாவில் திரிந்த வடிவமே அதன் பெயர். 2016 ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற பரிசை அது பெற்றது. பரிசு பெற்றது என்பதற்காக அதனைப் புகழ வேண்டுவதில்லை. 'மாதிரி இல்லை' என்பதனைக் குறையாகக் கூறியவர், அவ்வேறுபாடு எதற்காக என்று கேட்டிருந்தால், அந்தக் கேள்வியே படத்தின் உள்ளே நுழையும் வாயிலாகியிருக்கும்.

கோயில்களைப் பற்றிய தீர்ப்புகளில்தான் அளவுகோல் மிகவும் குறுகிப்போயிற்று. தோட்டத்து மாரியம்மன் கோயில்கள் பல, மரத்தடியில் நட்ட கல்லாகத் தொடங்கியவை. பின்னர் மரத்தூணும் அத்தாப்பும், அதன்பின் தகரமும் வந்தன. இறுதியில் சிமெண்டுக் கோபுரமும் வண்ணச் சுதைச் சிற்பமும் எழுந்தன. கோபுரம் எழுந்ததில் பிழையில்லை. அது மக்களின் உழைப்பும் அன்பும் சேர்ந்து எழுந்தது. ஆனால் 'கோபுரம் இல்லாதது கோயிலா?' என்ற பேச்சு எழுந்தபோது, மரத்தால் ஆன பழைய மண்டபங்கள் நாணத்தக்க பொருள்களாயின. படம் எடுத்து வைப்பாரும் இல்லாமல் பல மறைந்தன.

இப்பேச்சுக்கு விடை மெர்போக்கில், குனோங் ஜெராய் மலையின் அடிவாரத்தில், கல்லாகவே கிடக்கிறது. புக்கிட் பத்து பகாட் என்னும் சண்டியை 1936–37 ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்தார். 1950களின் இறுதியில் அலஸ்டேர் லாம்ப் மீண்டும் ஆராய்ந்து, அடித்தளத்தைச் சீர்ப்படுத்தி நிறுத்தினார். 'பத்து பகாட்' என்பது உளியால் செதுக்கிய கல் எனப் பொருள்படும் மலாய்த் தொடர். விமானம், மண்டபம் என்னும் பகுப்பு இந்திய நாட்டு மரபினது. கல்லோ அருகில் கிடைத்த கருங்கல். கல்லால் ஆன மேற்கட்டுமானம் அங்கு இருந்ததாகச் சான்று இல்லை. தூண்களைத் தாங்கிய கல் அடிகள் உள்ளன. அவற்றின்மேல் மரத்தூண்கள் நின்று, ஓலை போன்ற எளிய கூரையைத் தாங்கியிருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதினர். அஃதாவது, இம்மண்ணில் நின்ற பழங்கோயில் ஒன்று, கல்லும் மரமும் சேர்ந்தே நின்றது. தோட்டத்து அத்தாப்புக் கோயில் வறுமையின் அடையாளம் மட்டும் அன்று; அறிந்தோ அறியாமலோ அது மிகப் பழைய ஒரு வழியில் நடந்தது.

'இது நம்முடையது, அது இரவல்' என்னும் தீர்ப்பும் இவ்விடத்தில் தடுமாறும். அலோர் ஸ்டாரின் பெருமையாக விளங்கும் ஜாகிர் பள்ளிவாசல் 1912 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் ஐந்து குவிமாடங்கள் இசுலாத்தின் ஐந்து கடமைகளைக் குறிப்பன. அதன் அமைப்புக்குத் தூண்டுதல் சுமத்திராவின் லங்காட்டில் உள்ள அஜீசி பள்ளிவாசல். கடல் கடந்து வந்த வடிவம் கெடாவின் முகமாயிற்று. எங்கிருந்து வந்தது என்பது ஒரு செய்தி. வந்த இடத்தில் எவ்வாறு பொருந்தியது என்பதே கலைக்கு உரிய கேள்வி. அதே நகரில் 1997 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 165.5 மீட்டர்க் கோபுரத்தை 'உயரம், ஆகவே அருமை' என்பாரும், 'உயரம், ஆகவே அலங்கோலம்' என்பாரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். அளந்தது உயரத்தை, நோக்கியது ஒன்றையும் இல்லை.

இவையெல்லாம் வெறும் பேச்சுத்தானே, இதனால் வரும் கேடு என்ன என்று கேட்கலாம். 2013 ஆம் ஆண்டின் இறுதியில் சுங்கை பத்து தோட்டத்தில் 11 ஆம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டதாக மதிப்பிடப்பட்ட அடித்தளம், வீடமைப்புக்காக நிலம் சீர்ப்படுத்தியபோது இயந்திரத்துக்கு இரையாயிற்று. நிலம் தனியாருடையது, அவ்விடம் மரபுச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்படவும் இல்லை. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 ஆம் ஆண்டிலேயே இருந்தது. ஆயினும் சட்டம் தானே நடந்து வந்து கல்லைக் காவாது. இது காக்கத்தக்கது என்று அவ்வூர் மக்கள் பல ஆண்டு சொல்லிக்கொண்டிருந்தால்தான் சட்டத்தின் கண் அங்கே திரும்பும். 'பழைய செங்கல்' என்று போகிற போக்கில் சொல்லிக் கடந்தவர் இடித்தவர் ஆகார். ஆனால் இடிப்பதற்கு முன் கேட்கப்பட வேண்டிய குரல் அவர்களிடம் இருந்தது, அது எழவில்லை. இடிந்த பின்னர் எழுந்த குரல் பெரிது. அது மிகவும் பிந்தி எழுந்தது.

இங்கே தமிழாசிரியரின் கடமை ஒன்று உண்டு. பட்டினப்பாலையில் வரும் காழகம் என்னும் பெயருக்குக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் பொருள் கூறியதை வகுப்பில் சொல்லாத ஆசிரியர் அரியர். இராசேந்திரன் கடாரம் கொண்ட செய்தியைப் பெருமிதத்துடன் சொல்வாரும் பலர். அந்தக் கடாரத்தின் கல்லைத் தொட்டுப் பார்க்க மாணவரை அழைத்துச் சென்றவர் எத்தனை பேர்? பெயரில் பெருமை கொண்டு பொருளைக் காணாதிருப்பதும் ஒருவகைப் போகிற போக்குத்தான்; கற்றவரிடத்தில் அது இருப்பின் குற்றம் பெரிது.

மாணவர்க்குக் கலைச்சொற்களைக் கற்பிப்பது பின்னர் ஆகலாம். 'பிரமாதம்' என்று ஒரு மாணவன் சொன்னால், 'எதனால்?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். எதற்காகச் செய்யப்பட்டது, எதனால் செய்யப்பட்டது, யார் பயன்படுத்துகிறார் என்னும் மூன்றும் அதன்பின் தாமே வரும். இவற்றை மாணவன் தன் பாட்டியின் சட்டையிடம் கேட்கட்டும். இடிக்கக் காத்திருக்கும் லயத்திடம் கேட்கட்டும். பழைய தோட்டப்பள்ளியின் மரச்சுவரிடம் கேட்கட்டும். சில விடைகள் 'இதனை இடிக்கலாம்' என்றே முடியும். அதுவும் தக்க தீர்ப்பே. ஏனெனில் அது விசாரித்தபின் வழங்கப்படுவது. விசாரணை இல்லாமல் விழுந்த கற்கள் கெடாவில் ஏற்கனவே உள்ளன. அவற்றோடு இன்னொன்று சேராதிருத்தல் வேண்டும்.