நன்றிகெட்ட பூனையும் நல்ல எஜமானர்களும்

1

போன வருஷம் தை மாதத்தில் மதுரையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தோம். காலி செய்ய வைக்கப்பட்டோம் என்பதுதான் சரி. மீன் கழுவுகிற நாற்றம் மாடிக்கு வருகிறது, நாற்றத்துக்குப் பூனை வருகிறது, பூனை மாடியில் அசிங்கம் பண்ணுகிறது என்று வீட்டுக்காரர் வரிசையாகக் காரணங்கள் சொன்னார். பூனையின் பெயர் சாம்பி. சாக்கில் போட்டுக் கட்டி, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த புது வீட்டுக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் காணோம். ஐந்தாம் நாள் பழைய வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. 'ஒங்க பூன இங்கதான் படியில கெடக்கு. இத்தன வருசம் சோறு போட்டவங்கள விட்டுட்டு வந்துருச்சே, நன்றிகெட்ட ஜென்மம்.'

அம்மா சொன்னது: 'அதுக்கு வீடு தெரியும். வாடகை தெரியாதுல்ல.'

எனக்குப் பூனை போனதைவிட அந்த 'நன்றிகெட்ட'தான் உறுத்தியது. என் தாத்தா பண்ணை வேலை பார்த்தவர். கூலியில் ஒரு படி நெல் கூட்டிக் கேட்டதற்காக வெளியேற்றப்பட்டபோது பண்ணை வீட்டுத் திண்ணையிலிருந்து அவர்மீது வீசப்பட்ட சொல் இதேதான் என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒரு கூலி விவசாயிக்கும் ஒரு பூனைக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்துகிறது? நாட்டில் ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது பூனையைப் பற்றி எழுத வந்துவிட்டாயா என்று கேட்கப்போகிற தோழர்களுக்கு என் பதில் இந்தக் கேள்விதான்.

2

நன்றி என்பதை நாம் அறம் என்று படித்திருக்கிறோம். நடைமுறையில் அது மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம் வசூலிக்கிற வரியாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. சோறு போட்டவன் கணக்கு வைத்துக்கொள்ளலாம். நெல்லை விளைவித்தவன் கணக்குக் கேட்கக் கூடாது. இந்தச் சொல்லாடலுக்குள் நாய் நல்ல வேலையாள், பூனை கெட்ட வேலையாள். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்கிற பரீட்சையில் நாய் பாஸ், பூனை ஃபெயில். கேள்வித்தாளைத் தயாரித்தது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இலக்கியத்தில் பூனைக்கு என்ன இடம்? தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு உடனே ஞாபகம் வருவது மூன்று. கம்பனின் அவையடக்கத்தில் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்படுகிற பூனை. அது கவிஞனின் பேராசைக்கு உவமை. பாரதியின் 'முரசு' பாட்டில் பல நிறக் குட்டிகளை ஈன்ற வெள்ளைப் பூனை. அது மனித சமத்துவத்துக்கு உவமை. வைணவத்தில், தென்கலையார் மரபோடு சேர்த்துச் சொல்லப்படும் மார்ஜார நியாயம். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே வாயில் கவ்விக்கொண்டு போகும். அங்கே தாய்ப்பூனை இறைவன், குட்டி மனித ஆன்மா.

மூன்றிலும் பூனை வேறெதையோ சொல்வதற்காக வந்துவிட்டுப் போகிறது. ஆசை, சமத்துவம், அருள். பூனை நம்மைப் பார்ப்பதாக இந்த மூன்றில் எதிலும் இல்லை.

3

1997இல் பிரான்சின் செரிஸியில் நடந்த கருத்தரங்கில் ழாக் தெரிதா ஆற்றிய நீண்ட உரை ஒரு பூனையிலிருந்து தொடங்குகிறது. குளியலறையில் நிர்வாணமாக நிற்கும் தன்னைத் தன் வீட்டுப் பூனை பார்க்கிறது. தனக்கு வெட்கம் வருகிறது. வெட்கப்பட்டதற்காக இன்னொரு வெட்கமும் வருகிறது என்கிறார். இது உவமைப் பூனையல்ல, நிஜப் பூனை என்று அவர் வற்புறுத்துவது முக்கியம். தெகார்த்திலிருந்து லக்கான் வரை தத்துவவாதிகள் விலங்கைப் பார்த்தார்களே ஒழிய, விலங்கால் தாங்கள் பார்க்கப்படுவதைக் கணக்கிலெடுக்கவில்லை. விலங்கு எதிர்வினை காட்டும், பதில் சொல்லாது என்று முடிவு கட்டினார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. எறும்பையும் யானையையும் பூனையையும் 'விலங்கு' என்கிற ஒற்றைச் சொல்லில் அடைப்பதே ஒரு வன்முறை என்றார்.

இதற்கு டோனா ஹாரவே 2008இல் ஒரு மறுப்பு எழுதினார். பூனையின் பார்வையைக் கண்டுகொண்ட தெரிதா உடனே தன் வெட்கத்துக்கும் தத்துவ நூல்களுக்கும் திரும்பிவிட்டார். அந்தக் காலை நேரத்தில் பூனை என்ன செய்துகொண்டிருந்தது, அதற்கு என்ன வேண்டியிருந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் அவரிடம் இல்லை என்பது அவர் வாதம். விலங்குகளோடு நேரம் செலவழித்து அவற்றைக் கவனிக்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்களே, அவர்களை ஏன் படிக்கவில்லை? எனக்கு இந்த மறுப்பு நியாயமாகப் பட்டது. தெரிதாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்துச் சொன்னதாகப் பட்டது.

4

அந்த ஆய்வாளர்கள் சொல்வதைப் பார்ப்போம். ஜப்பானில் அட்சுகோ சைதோவும் சக ஆய்வாளரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 20 வீட்டுப் பூனைகளுக்கு அந்நியர் குரலையும் வளர்ப்பவர் குரலையும் ஒலிபரப்பிக் காட்டினார்கள். வளர்ப்பவர் குரலுக்குக் காதைத் திருப்பின, தலையைத் திருப்பின. அவ்வளவுதான். கத்தவோ எழுந்து வரவோ இல்லை. 2019இல் அதே சைதோ குழுவினர் பூனைக்குத் தன் பெயரைப் பிற சொற்களிலிருந்து பிரித்தறியத் தெரியும் என்று காட்டினார்கள். ஆக, கூப்பிடுவது கேட்கிறது. கேட்பதும் கீழ்ப்படிவதும் ஒன்றல்ல, அவ்வளவுதான் விஷயம்.

பூனைக்கு ஆள்மீது பற்று உண்டா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வு (2015) பூனை தன் பாதுகாப்புக்கு மனிதரைச் சார்ந்திருப்பதாகத் தெரியவில்லை என்றது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு (2019) வேறுமாதிரி சொன்னது. வளர்ப்பவர் இரண்டு நிமிஷம் கூட இருந்து, இரண்டு நிமிஷம் வெளியே போய், மறுபடி திரும்பி வரும்போது குட்டி என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். ஏறத்தாழ 64 சதவீதக் குட்டிகள் வந்தவரைத் தொட்டுவிட்டு, கலக்கம் தணிந்து, அறையைச் சுற்றிப் பார்க்கப் போயின. இந்த விகிதம் மனிதக் குழந்தைகளிடம் காணப்படுவதற்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜான் பிராட்ஷா 2013இல் எழுதிய நூலில் ஒரு விஷயம் சொல்கிறார். பூனைகள் ஒன்றோடொன்று பழகுகிற அதே முறையில்தான் நம்மோடும் பழகுகின்றன. வாலைத் தூக்கி வருவது, உரசுவது, நக்கிவிடுவது எதிலும் நமக்கென்று தனி முறை கிடையாது. பத்திரிகைகள் இதை 'பூனைக்கு நாம் பெரிய முட்டாள் பூனை' என்று தலைப்பிட்டுக் கொண்டாடின. பிராட்ஷாவே அதை மறுத்தார். தடுக்கி விழுகிற ஆட்கள் என்று வேண்டுமானால் நினைக்கலாம். ஆனால் பூனை தன்னைவிடத் தாழ்ந்த பூனைமேல் உரசுவதில்லை என்றார்.

வாலைத் தூக்கிக்கொண்டு வருவதும், மடியில் காலால் மாவு பிசைகிற மாதிரி பிசைவதும் குட்டி தாயிடம் செய்பவை. 'மியாவ்' கதை இன்னும் விசேஷம். குட்டி தாயைக் கூப்பிட மியாவ் என்கிறது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அப்படிக் கத்திக்கொள்வது அபூர்வம். நம்மிடம்தான் ஆயுள் முழுக்கக் கத்துகின்றன. சாப்பாடு கேட்கும்போது சில பூனைகளின் உறுமலுக்குள் குழந்தை அழுகையை ஒத்த ஓர் ஒலி கலந்திருப்பதை கேரன் மெக்கோம் குழுவினர் 2009இல் எழுதினார்கள். நம் காதுக்கு எது எட்டும் என்று கண்டுபிடித்து அதைப் பயன்படுத்துகிற ஜீவன் நம்மைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

5

இங்கே ஒரு சுயவிமர்சனம். எட்டு வருஷத்துக்கு முன் நான் எழுதிய ஒரு கட்டுரையில் பூனையை 'அதிகாரத்துக்குப் பணியாத கலகக்காரன்' என்று எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். இன்று பார்த்தால், வீட்டுக்காரரின் 'நன்றிகெட்ட பூனை'யைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அவருக்கு அது துரோகி, எனக்குக் கலகக்காரன். இரண்டிலும் பூனை நம்மை எஜமானர்களாக ஏற்றுக்கொண்டு, பிறகு மீறுகிறது. அது எஜமானன் என்று யாரையாவது கண்டதா? அதன் பார்வையில் அப்படி ஓர் ஆளே இல்லையென்றால் கலகம் எங்கிருந்து வரும்? தாத்தா கேட்ட ஒரு படி நெல்லும் சாம்பி திரும்பிப் போனதும் ஒன்றல்ல. தாத்தா எஜமானனை அறிந்து, அவன் முகத்துக்கு நேரே கேட்டவர். அந்தக் கலகத்தைப் பூனைக்குத் தானம் செய்தால் சிறுமைப்படுவது தாத்தாதான். இரண்டையும் ஒன்றாக்கியது வீட்டுக்காரரின் சொல். நானும் அதே வேலையை அழகாகச் செய்திருக்கிறேன்.

சாம்பி ஏன் போனது? பூனைக்கு இடம் முதல் தேவை. கன்னத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையைக் கதவிலும் படியிலும் நம் காலிலும் தேய்த்துத் தேய்த்துத்தான் அது தன் உலகத்தை அடையாளப்படுத்திக்கொள்கிறது. வீடு மாறினால் சில வாரங்கள் உள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். நாங்கள் வைத்திருக்கவில்லை. அந்தப் படியில் அதன் கன்னத்து வாசனை இருந்தது. பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்பது அதற்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம். அதே படியில் பதினோரு வருஷம் உட்கார்ந்து மீன் கழுவிய அம்மாவுக்கும் பத்திரம் இல்லை. திரும்பிப் போய் உட்கார அவளால் முடியாது.

தென்கலையாரின் நியாயம் இங்கே இடம் மாறிவிடுவதையும் கவனிக்கலாம். அங்கே பூனை கடவுள், நாம் குட்டி. வீட்டுக்குள் பூனைதான் குட்டி, அது நம்மைத் தாய்ப்பூனையிடம் பழகுகிற மாதிரிப் பழகுகிறது. நாம் அதைக் கேட்டுவிட்டுக் கடவுள் ஸ்தானத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறோம், காணிக்கை எதிர்பார்க்கிறோம். தாய்க்குத் தர வேண்டியது காணிக்கை அல்ல என்பதை மறந்துவிடுகிறோம்.

6

அம்மா தினமும் சாயங்காலம் மீன் தலைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பழைய தெருவுக்கு நடந்து போகிறாள். நானும் இரண்டு முறை கூடப் போனேன். தெருமுனையில் குரல் கொடுத்ததும் சாம்பி சுவரிலிருந்து காதைத் திருப்பியது. உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாலைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து அம்மாவின் கெண்டைக்காலில் இரண்டு பக்கமும் உரசியது. தின்றது. திரும்பிச் சுவரில் ஏறிக்கொண்டது.

'கூட வர மாட்டேங்குதே, ஒனக்கு வருத்தமா இல்லையா?' என்று கேட்டேன்.

'அது எங்க வரும்? நாந்தான் வர்றேன்ல' என்றாள்.

'பூனை வளர்க்கிறோம்' என்று தமிழில் சொல்கிறோம். வளர்ப்பது வேறு, உடைமையாக வைத்திருப்பது வேறு என்பது அந்த வினைச்சொல்லிலேயே இருக்கிறது. உரிமையாளர் என்கிற சொல்லை வீட்டுக்காரரிடமிருந்து கடன் வாங்கிப் பூனைக்குப் போட்டது நாம்தான். அடுத்த முறை யாரையாவது, எதையாவது நன்றிகெட்டது என்று சொல்ல வாயெடுக்கும்போது, நாம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்கிறோம் என்று ஒருமுறை கீழே பார்த்துக்கொள்வது நல்லது. இதை மற்றவர்களுக்குச் சொல்லும் முன் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.