வெறும் பொருத்து வேலைதானா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளைப் பற்றிப் பேச்சு எழும்போது, “அங்கே என்ன பெரிய வேலை? வெறும் அசெம்பிளிதானே!” என்று யாராவது சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்கள் அண்ணனோ அக்காவோ அங்கு வேலை பார்ப்பவராக இருந்தால் அந்தச் சொல் சுருக்கென்று தைத்தும் இருக்கும். எங்கோ செய்த உறுப்புகளை இங்கே ஒன்றாகப் பொருத்துகிறார்கள், இதில் அறிவுக்கு என்ன இடம் என்பதே அந்தப் பேச்சின் பொருள்.

இதே பேச்சை முற்றிலும் வேறான ஓரிடத்திலும் கேட்கலாம். உண்மையான ரயில்களை ஒரே விகிதத்தில் சிறிதாக்கி, மின்சாரத்தால் ஓட்டிப் பார்த்து மகிழும் மாதிரி ரயில் அன்பர்கள் உலகெங்கும் உள்ளனர். இவர்களில் ஒரு சாரார் தகடு வெட்டி, பற்றவைத்து, வர்ணம் தீட்டித் தம் எஞ்சினைத் தாமே செய்பவர்கள். மற்றொரு சாரார், கடையில் வாங்கிப் பெட்டியைத் திறந்ததும் தண்டவாளத்தில் வைத்து ஓட்டக்கூடிய, ‘ஓடத் தயாரான’ மாதிரிகளை வாங்குபவர்கள். முன்னவர்கள் பின்னவர்களைப் பார்த்து, “காசு கொடுத்தான், வாங்கினான், இதில் கலை எங்கே இருக்கிறது?” என்று சிரிப்பதுண்டு. பின்னவர்களோ தம் கைக்கு இத்தனை அழகான பொருளைத் தந்த உற்பத்தியாளர்களுக்கு மனமார நன்றி சொல்கிறார்கள்.

இந்த நன்றி தகுதியானதுதானா என்பதைச் சற்று எடைபோட்டுப் பார்ப்போம். இதற்குப் பயன்படும் எடைக்கற்கள் ஒரகடத்தை எடைபோடவும் நமக்கு உதவும்.

பொம்மை மாதிரியான கதை

1891-ஆம் ஆண்டு ஜெர்மனியில் லைப்சிக் நகரச் சந்தையில் மெர்க்லின் நிறுவனம் சாவி கொடுத்து ஓட்டும் ரயில் ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. தண்டவாளங்களுக்கு நிலையான அகலங்களையும் வகுத்தது. இதனால் இன்று ஒரு வண்டி வாங்கியவர் அடுத்த ஆண்டு மேலும் சில பெட்டிகளையும் தண்டவாளங்களையும் வாங்கி அதனோடு சேர்க்க முடிந்தது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் ரயில்களைச் செய்யத் தொடங்கினார். 1938-இல் மேசை மீது ஓடத்தக்க சிறிய ‘ஹார்ன்பி டப்லோ’ ரயில்கள் வந்தன.

ஆயினும் கடையில் கிடைத்தவை நெடுங்காலம் பொம்மைக்கும் மாதிரிக்கும் இடைப்பட்டவையாகவே இருந்தன. கைப்பிடிக் கம்பிகள் உடலோடு ஒட்டிய வெறும் புடைப்புகளாக இருந்தன. துல்லியம் வேண்டியவர் பித்தளைத் தகட்டையும் உலோக வார்ப்புகளையும் வாங்கி, பல மாதங்கள் மாலை நேரங்களைச் செலவிட்டு ஓர் எஞ்சினைச் செய்தார். அப்படிப் பாடுபட்டவர் கடைப் பொருளைப் பார்த்துச் சிரித்ததில் அன்று நியாயம் இருந்தது.

1990-களில் நிலைமை மாறியது. ஹார்ன்பி தன் உற்பத்தியைச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்துக்கு மாற்றத் தொடங்கியது. அங்கே ஆள்கூலி குறைவு. ஆகவே கைப்பிடி, குழாய், ஏணி முதலியவற்றைத் தனித்தனி உறுப்புகளாகச் செய்து, ஒவ்வொன்றையும் கையால் பொருத்துவது கட்டுபடியாயிற்று. தேர்ந்த கைவினைஞர் மாதக் கணக்கில் உழைத்துப் பெற்ற துல்லியம் சாதாரண மனிதர் கடையில் வாங்கக்கூடிய பொருளாயிற்று. அன்பர்களின் நன்றி பெருகியது அதன் பிறகுதான். அந்தத் துல்லியத்தைத் தந்தது கையால் செய்த பொருத்து வேலை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

அச்சில் அடங்கிய கணக்கு

மாதிரி ரயிலின் உடல் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் முறையில் உருவாகிறது. பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்துடன் செலுத்திக் குளிரவைத்து வெளியே தள்ளுகிறார்கள். ஒரகடத்துச் சாலைகளில் ஓடும் கார்களின் பம்பர், டாஷ்போர்டு முதலியவையும் இதே முறையில் பிறந்தவைதாம்.

எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் எத்தனை கணக்கு இருக்கிறது பாருங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை பல்லாண்டுகள் செய்துவந்த பயணிகள் பெட்டியின் நீளம் 21.3 மீட்டர். இதை 1:87 விகிதத்தில் சுருக்கினால் 245 மி.மீ. வரும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஆறும்போது நூற்றுக்கு அரை பங்கு அளவில் சுருங்கும். எனவே அச்சை ஏறத்தாழ 1.2 மி.மீ. கூடுதலாக வெட்டினால்தான் பெட்டி சரியான நீளத்தில் வெளிவரும். பக்கச் சுவர்களுக்கு மிகச் சிறிய சாய்வு தரவேண்டும். இல்லையேல் அச்சிலிருந்து கழலும்போது சுவர் உராய்ந்து கீறல் விழும். உண்மை வண்டியில் 20 மி.மீ. அகலமுள்ள ஒரு ரிவெட் தலை மாதிரியில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அதையும் எஃகில் ஒவ்வொன்றாகக் குழிக்க வேண்டும்.

அச்சு செய்யப் பெரும் பணம் பிடிக்கும். ஒரு வண்டிகூட விற்பனையாகுமுன் அந்தச் செலவு முழுவதையும் செய்தாகவேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் ஒவ்வொரு வண்டியின் தலையிலும் விழும் பங்கு தாங்கும்படி இருக்கும். உற்பத்தியாளருக்கு அன்பர்கள் சொல்லும் நன்றியில் ஒரு பகுதி, அவர் துணிந்து முதல் போட்டதற்குரியது.

அளந்து பார்த்துப் பாராட்டுவோம்

நன்றி இருக்கிறது என்பதற்காகக் குறை சொல்லாமல் இருக்கலாமா? கூடாது. அறிவியல் பயிலும் நாம் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பாராட்ட வேண்டும்.

முதலில் தண்டவாளத்தை அளப்போம். இங்கிலாந்தில் பரவலாக உள்ள ‘ஓ.ஓ.’ வகை மாதிரிகளின் விகிதம் 1:76. அங்குள்ள ரயில் பாதையின் அகலம் 1435 மி.மீ. ஆகவே மாதிரியின் பாதை 18.83 மி.மீ. இருக்க வேண்டும், இருப்பதோ 16.5 மி.மீ. அக்காலத்து மின் மோட்டார்கள் சிறிய ஆங்கில எஞ்சின்களுக்குள் அடங்கவில்லை. அதனால் உடலை மட்டும் பெரிதாக்கிப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். மோட்டார்கள் பின்னர் சிறியவை ஆகிவிட்டன. ஆயினும் பாதையை மாற்றினால் பழைய வண்டிகள் எல்லாம் பயனற்றுப் போகும் என்பதால் அந்தப் பிழை இன்றும் தொடர்கிறது.

அடுத்து வளைவு. மாதிரி ரயிலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஒரு வளைவுத் துண்டின் ஆரம் 438 மி.மீ. உண்மை அளவில் இது 33 மீட்டர். நம் அகலப் பாதையிலோ 175 மீட்டருக்குக் குறைந்த ஆரம் அனுமதிக்கப்படுவதில்லை. மேசை சிறியது, ஆகவே வளைவு கூர்மையானது. பெட்டிகள் நெருங்கி இருந்தால் இந்த வளைவில் மூலைகள் இடித்துக்கொள்ளும். தள்ளி இருந்தால் நேர்ப்பாதையில் பல்லிளிக்கும் இடைவெளி தெரியும். இதற்குப் பொறியாளர்கள் ஓர் அழகான வழி கண்டார்கள். இணைப்புக் கொக்கியை ஒரு வளைந்த தடத்தில் நகரும்படி அமைத்தார்கள். நேர்ப்பாதையில் பெட்டிகள் நெருங்கி நிற்கும். வளைவில் நுழைந்ததும் தாமே விலகிக்கொள்ளும்.

மூன்றாவது எடை. நீளம் 87-இல் ஒரு பங்கானால் எடை 87-இன் மும்மடிப்பெருக்கத்தில், அதாவது 6,58,503-இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். 123 டன் எடையுள்ள நம் டபிள்யூ.ஏ.பி.-7 மின் எஞ்சின் இந்தக் கணக்கில் வெறும் 187 கிராம்தான்! அந்த எடையில் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றாது, வழுக்கும். ஆகவே உள்ளே உலோகத்தை நிரப்பிக் கனமாக்குகிறார்கள். சக்கர விளிம்பையும் விகிதப்படி இருக்கவேண்டியதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரமாக வைக்கிறார்கள். இல்லாவிட்டால் மேசைத் தண்டவாளத்தின் சிறு மேடுபள்ளத்தில் வண்டி தடம் புரளும்.

இவற்றைப் பார்க்கும்போது, மாதிரி மூலத்திலிருந்து விலகும் விதங்கள் மூன்று என்று தெரிகிறது. இயற்கை விதிகளுக்குக் கட்டுப்பட்டு விலகுவது ஒன்று. எடையும் சக்கர விளிம்பும் இவ்வகை. பழக்கத்துக்காகவும் வசதிக்காகவும் விலகுவது இரண்டாவது, 16.5 மி.மீ. பாதை இவ்வகை. கவனக் குறைவால் விலகுவது மூன்றாவது. ஜன்னல் எண்ணிக்கை தவறுவது, வர்ணம் மாறுவது போன்றவை இதில் அடங்கும். முதலாவதைக் குறை சொல்பவர் விஷயம் அறியாதவர். மூன்றாவதைக் கண்டும் காணாமல் புகழ்பவர் நல்ல இரசிகர் அல்லர். இரண்டாவதைப் பற்றித்தான் உண்மையான விவாதம் நடக்க வேண்டும்.

பெயர் தெரியாத கைகள்

அன்பர்களின் பாராட்டில் நான் காணும் பெருங்குறை ஒன்று உண்டு. அது பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரோடு நின்றுவிடுகிறது.

ஹார்ன்பியின் மாதிரிகளைப் பல ஆண்டுகள் செய்து கொடுத்தது சாண்டா கான் என்ற நிறுவனம். அதை 2008-இல் ஹாங்காங்கின் கேடர் நிறுவனம் வாங்கியது. கேடரோ, ஹார்ன்பியின் போட்டியாளரான பாக்மனை 1987-லேயே வாங்கியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஹார்ன்பிக்குச் சரக்கு வந்து சேர்வதில் பெரும் தாமதம் ஏற்பட்டது. அறிவித்த வண்டிகள் உரிய காலத்தில் கடைக்கு வரவில்லை. அப்போதுதான் பல அன்பர்கள், தாங்கள் போற்றிய வண்டியை உண்மையில் யார் செய்தார்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். இடுக்கியால் கம்பியை எடுத்து, ஒரு துளி பசை தொட்டு, கண்ணுக்கு எட்டாத துளையில் நுழைத்த தொழிலாளியின் கை, சரக்கு நின்ற பிறகே நினைவுக்கு வந்தது.

இந்த இடத்தில் நாம் ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பலாம். அங்கு 2006-இல் திறக்கப்பட்ட நோக்கியா ஆலையிலிருந்து கோடிக்கணக்கான கைபேசிகள் வெளிவந்தன. கைபேசியின் பெயரை அறியாதவர் இல்லை. ஆனால் அதைப் பொருத்திய இளம்பெண்கள் ஒரு நாளில் என்ன செய்தார்கள் என்று அறிந்தவர் சிலரே. 2014-இல் ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தபோதுதான் அவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றதைக் கண்டு, அப்பகுதி மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அன்றுதான் நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. பொருள் நின்றால், சாலை நின்றால் மட்டுமே கண்ணில் படுகிறவர்களாகத் தொழிலாளர்கள் இருக்க வேண்டுமா? ‘வெறும் அசெம்பிளி’ என்ற சொல் இழைக்கும் தீமை இதுவே. வேலையை இளப்பமாக்கும் சொல், அதைச் செய்பவரையும் கண்ணுக்குத் தெரியாதவராக்கிவிடுகிறது.

நம் ரயிலுக்கு மாதிரி எங்கே?

1955-இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப்., உலகிலேயே மிகுதியாக ரயில் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலைகளுள் ஒன்று. வந்தே பாரத் ரயிலின் முதல் வண்டி 2018-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. அங்கிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில், அச்சு வார்ப்பிலும் வர்ணப் பூச்சிலும் நுண்ணிய பொருத்து வேலையிலும் தேர்ந்த பல்லாயிரம் கைகள் உள்ளன. 2010-களில் ஹார்ன்பி குழுமத்தின் ஏர்ஃபிக்ஸ் மாதிரி விமானப் பெட்டிகள் பல இந்தியாவில் செய்யப்பட்டவை என்ற குறிப்புடன் விற்பனையாயின. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வண்டிகள் செய்யும் ராயல் என்ஃபீல்டு, தன் மோட்டார் சைக்கிளின் மூன்றில் ஒரு பங்கு அளவிலான மாதிரியை வெளியிட்டிருக்கிறது. திறமைக்குப் பஞ்சமில்லை என்பது இவற்றால் விளங்கும்.

இருப்பினும் நம் ரயில்களின் மாதிரிகளைச் சிறு எண்ணிக்கையில் செய்து விற்பவர்கள்தாம் இருக்கிறார்கள். நம் அகலப் பாதை 1676 மி.மீ. அதன் 87-இல் ஒரு பங்கு 19.26 மி.மீ. ஆனால் கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மி.மீ. என்பதால் பெரும்பாலான இந்திய மாதிரிகள் அதன் மீதே ஓடுகின்றன. உண்மை அளவில் இது 24 செ.மீ. குறைவு! ஆங்கிலேயரின் பழைய பிழையை நாம் கூடுதலாக்கி ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அளந்து பார்த்துக் கேட்கும் இரசிகர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் சரியான பாதைக்கு அச்சு வெட்ட ஒருவர் துணிவார். தேர்ந்த இரசனை இல்லாத இடத்தில் தேர்ந்த பொருள் பிறப்பது அரிது.

அந்த இரசனையை நீங்கள் இன்றே பழகத் தொடங்கலாம். வீட்டிலுள்ள ஒரு பிளாஸ்டிக் பொம்மையையோ சுவிட்சையோ கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த மெல்லிய கோடு தெரியும். பொருளை வெளியே தள்ளிய ஊசிகளின் வட்டத் தடங்கள் உட்புறத்தில் இருக்கும். பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாய் ஒரு சிறு வடுவாக நிற்கும். கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு அச்சுத் தொழிலாளி கைதேர்ந்தவர்.

உங்கள் தெருவில் ஒரகடத்துக்கு ஷிப்ட் வேலைக்குச் செல்பவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம், எந்த உறுப்பைப் பொருத்துகிறீர்கள், அதற்கு எத்தனை நொடி தருகிறார்கள், எவ்வளவு பிசகினால் ரிஜெக்ட் ஆகும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையைக் கேட்டபின், ‘வெறும்’ என்ற சொல் அந்த வேலைக்குப் பொருந்துமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.